போய்ப் பார்ப்பது யாருக்காக?

(பதினோராம் வகுப்பு ‘அ’ பிரிவு, சமூக சேவை மன்ற மாணவியர்)

நம் பள்ளிச் சிற்றாலயத்துக்குப் போகும் வராந்தாவில், அறிவிப்புப் பலகையின் வலது மூலையில், சென்ற தவக்காலம் முழுவதும் ஒரு படம் ஒட்டப்பட்டிருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆப்பிரிக்கச் சிறுமி, கையில் நெளிந்த பிளாஸ்டிக் குவளை, பெரிய கண்கள். அதன் கீழே ஒரு தகர உண்டியல். பஸ் சில்லறையையும், இடைவேளையில் சமோசா வாங்க வீட்டில் கொடுத்த காசையும் அதில் போட்டோம். போடும்போதெல்லாம் அந்தக் கண்களை ஒரு முறை பார்ப்போம்; மனத்துக்கு நிறைவாக இருக்கும். அந்த நிறைவைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சற்றே சந்தேகப்படப் போகிறோம். சகோதரிகளும் பெற்றோரும் பொறுத்தருள வேண்டும்.

ஜூலை மாதத்தில், மலாவி நாட்டில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஒரு சிஸ்டர் நம் பள்ளிக்கு வந்து பேசினார். அதுவரை ஆப்பிரிக்கா என்றால் ஒரே ஊர் என்பதுபோலத்தான் எங்களில் பாதிப்பேர் நினைத்திருந்தோம். (புவியியல் ஆசிரியை மன்னிக்க.) 54 நாடுகள் கொண்ட கண்டம் அது. அதில் தென்கிழக்குப் பக்கம், கடலே இல்லாமல், நாட்டின் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் ஓர் ஏரியோடு இருப்பது மலாவி. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் அதற்கு நியாசாலாந்து என்று பெயர். 1964-இல் விடுதலை பெற்றது. மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ‘ந்சிமா’தான் அங்கே அன்றாட உணவு. நம் கேழ்வரகுக் களிக்கு அது அக்காள் தங்கை முறை என்றார் சிஸ்டர். பேச்சு முடிந்ததும் நாங்கள் அவரை விடவில்லை. மணி அடித்த பிறகும் சூழ்ந்து நின்று கேள்வி கேட்டோம்.

அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. வருகிற மே விடுமுறையில் நம் மாணவியர் பன்னிரண்டு பேர், இரண்டு சகோதரிகள் துணையோடு, பத்து நாட்கள் மலாவிக்குப் போய், நன்கொடையால் நடக்கும் கிராமப் பள்ளிகளையும், தாய் தந்தையற்ற பிள்ளைகள் வாழும் இல்லங்களையும் பார்த்து வந்தால் என்ன? ஒரு மாணவியின் தந்தை செலவில் பாதியைத் தாமே ஏற்பதாகக் கூறினார். கேட்க வேண்டுமா எங்கள் மகிழ்ச்சியை! அன்று மாலையே யார் யார் போவது, என்ன பாட்டுப் பாடிக்காட்டுவது, பிள்ளைகளுக்கு எத்தனை பேனா வாங்குவது என்றெல்லாம் பட்டியல் போட்டுவிட்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது பாஸ்போர்ட்; இரண்டாவது, நல்ல காமிரா யார் வீட்டில் இருக்கிறது என்பது. பிள்ளைகள் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தார்கள்.

எங்கள் மகிழ்ச்சியில் கல்லைப் போட்டவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திதான். போர்டிங்கில் தங்கிப் படிப்பவள்; அதிகம் பேசாதவள். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றாள்.

நம் பள்ளிக்கு வருமுன் அவள் வேறொரு மாவட்டத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தாளாம். ஏழு வயது இருக்கும். அவ்வப்போது வெளியூரிலிருந்து வேனில் விருந்தினர் வருவார்கள். அன்று கிறிஸ்துமஸுக்குத் தைத்த கவுனைப் போடக் கூடாது. பழையதைத்தான் போட வேண்டும். எல்லோரும் வரிசையாக நின்று ஒரே அபிநயப் பாட்டைப் பாடுவார்கள். ஒரு தடவை வந்த அம்மாள் ஒருவர் இவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். ஒரு பொம்மை கொடுத்தார். “அடுத்த வருஷம் உன்னைப் பாக்க வருவேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி இவள் ஓராண்டு காலம் ஞாயிறுதோறும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டும் வேன் வந்தது. அதில் வேறு யாரோ வந்தார்கள்.

இதைவிட எங்களை உலுக்கியது வேறொன்று. அவளுக்குத் தாய் இருந்தார், இப்போதும் இருக்கிறார். செங்கல் சூளையில் வேலை. மாதம் ஒரு முறை மகளைப் பார்க்க வருவார். விருந்தினர் வந்த ஒரு நாளில் தற்செயலாக அவரும் வந்துவிட, வேன் போகும்வரை சமையற்கட்டுப் பக்கம் உட்காரச் சொன்னார்களாம். முன்னே மடியில் வைத்து அழுதவர்களுக்கு இவள் அனாதை. பின்னே அம்மா, முடிச்சில் பொரிகடலையோடு காத்திருந்தார்.

“என்னைப் பாக்கத்தான் வந்தாங்க. என்கிட்ட ஒண்ணும் கேக்கல” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று எங்கள் கூட்டம் அதோடு கலைந்தது.

மதர் எங்களை அழைத்து, “வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் காரணத்தோடு வாருங்கள்” என்று சொல்லி மூன்று வாரம் கெடு கொடுத்தார்கள். நாங்கள் படித்ததையும், சிஸ்டருக்குக் கடிதம் எழுதிக் கேட்டறிந்ததையும் வைத்து எங்களுக்குத் தோன்றியதைச் சொல்கிறோம்.

முதலில் அந்தப் பள்ளிகளின் நிலை. 1994-இல் மலாவி அரசு தொடக்கக் கல்விக்குக் கட்டணத்தை நீக்கியது. நல்ல காரியம். ஆனால் அதுவரை ஏறத்தாழ 19 லட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை நெருங்கிவிட்டது. வகுப்பறைக்கு எங்கே போவது? ஆசிரியருக்கு எங்கே போவது? மாமர நிழலில் வகுப்பு நடக்கும். கீழ் வகுப்புகளில் ஓர் ஆசிரியர் முன்னால் நூறு பிள்ளைகளுக்கு மேல் தரையில் உட்கார்ந்திருப்பது அங்கே புதுமையல்ல. எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறைப் பெற்றோரை வாரிக்கொண்டு போனதால், பாட்டிமார் வளர்க்கும் பேரப்பிள்ளைகள் ஏராளம். டிசம்பர் கடைசி தொடங்கி மார்ச் வரை, பழைய தானியம் தீர்ந்து புதிய அறுவடை வராத மாதங்களைப் பசிக்காலம் என்றே சொல்வார்கள். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது. வந்தாலும் பாடம் ஏறாது. இது நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கதியல்ல. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் எதற்காக வந்தன என்பதை நம் வீட்டுத் தாத்தா பாட்டிமாரைக் கேட்டாலே சொல்வார்கள்.

இப்படிப்பட்ட பள்ளிக்கு ஒரு விருந்தினர் கூட்டம் போனால் என்ன நடக்கும்? சிஸ்டர் எழுதியதை அப்படியே தருகிறோம்: “நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியை. விருந்தினர் வந்தால் அவர்தான் வரவேற்க வேண்டும், அவர்தான் சுற்றிக்காட்ட வேண்டும். அன்றைக்கு வகுப்பு இல்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழையில்லாத காலம். ஐரோப்பாவில் விடுமுறைக் காலமும் அதுவே. ஒரு கூட்டம் போனால் மறு கூட்டம் வரும். எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டைவிட வரவேற்புப் பாட்டு நன்றாக வரும்.” மிட்டாய் வீசப்போய்ச் சிறு பிள்ளை ஒன்று கூட்டத்தில் மிதிபட்டதையும் எழுதியிருந்தார். நாங்கள் பட்டியலில் எழுதி வைத்திருந்த பேனாக்களை நினைத்துக்கொண்டோம்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு உண்மையில் என்ன தேவை என்றும் கேட்டிருந்தோம். பேனா, பொம்மை, சுவரில் சித்திரம் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தோம். வந்த பதில்: ஆசிரியருக்கு ஒரு வீடு. கிராமத்தில் குடியிருக்க ஒழுகாத வீடு இல்லாததால் ஆசிரியர்கள் வர மறுக்கிறார்கள். வந்தாலும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டு அறை, தகரக் கூரை, ஒரு கழிப்பிடம், இது இருந்தால் இன்னோர் ஆசிரியை வருவார். இன்னோர் ஆசிரியை வந்தால் நூற்றுப்பத்து ஐம்பத்தைந்தாகும். எத்தனை எளிய கணக்கு! ஆனால் ஆசிரியர் வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள யாருக்கு ஆசை வரும்? எங்களுக்கே வரவில்லையே.

போய்ப் பார்ப்பதே தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் 2002-இல் நடந்ததை மறைத்தவர்களாவோம். அவ்வாண்டு மலாவியில் கொடிய பஞ்சம். ஸ்காட்லாந்திலிருந்து மேக்னஸ் மக்பார்லேன் பாரோ என்பவர் நிவாரண வேலையாக அங்கே போனார். மீன் பண்ணையில் வேலை பார்த்தவர். நோயில் சாகக்கிடந்த ஒரு தாயின் குடிசையில், பதினான்கு வயது மூத்த மகனிடம் உன் ஆசை என்ன என்று கேட்டார். வயிறாரச் சாப்பிட வேண்டும், என்றாவது ஒரு நாள் பள்ளிக்குப் போக வேண்டும் என்றான் அவன். அந்தப் பதிலிலிருந்து பிறந்ததுதான், தேவ அன்னையின் பெயர் தாங்கிய ‘மேரிஸ் மீல்ஸ்’ என்னும் பள்ளி உணவு இயக்கம். முதலில் 200 பிள்ளைகள். இன்று பல நாடுகளில் 20 லட்சம் பிள்ளைகளுக்கும் மேலாகப் பள்ளி நாட்களில் ஒரு வேளை உணவு பெறுகிறார்கள். மலாவியில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம்.

அவரும் விருந்தினராகத்தானே போனார்? போனார். ஆனால் கேட்டார், கேட்டதைச் செய்தார். அதிலும் நாங்கள் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவது வெளிநாட்டார் அல்லர். அந்தந்தக் கிராமத்துத் தாய்மாரும் பாட்டிமாரும் முறை வைத்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து விறகடுப்பு மூட்டிக் காய்ச்சுகிறார்கள், சம்பளம் கிடையாது. மக்காச்சோளமும் சோயாவும் சத்துப்பொருளும் கலந்த ‘லிக்குனி பாலா’ என்னும் மாவு அது. சோளமும் சோயாவும் அந்த நாட்டிலேயே விளைபவை. பிள்ளை குவளையை நீட்டும்போது ஊற்றுவது தன் ஊர்ப் பாட்டியின் கை. நம் தோழி உட்கார்ந்திருந்த மடியை நினைத்தால் இந்த வித்தியாசம் புரியும்.

இன்னோர் உதாரணத்தையும் பார்ப்போம். பெயரைக் கேட்டதும் சில சகோதரிகள் புருவத்தை உயர்த்தக்கூடும்: அமெரிக்கப் பாடகி மடோனா. மலாவியிலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுத்தவர். பெண் பிள்ளைகளுக்கென்று தலைநகர் லிலோங்வே அருகே ஒரு பெரிய பள்ளி கட்டப்போவதாக அறிவித்தார். அதற்காகக் குடிகள் நிலத்தை விட்டுப் போனார்கள். 2011-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு வேறோர் அமைப்போடு சேர்ந்து கிராமங்களில் வகுப்பறைகள் கட்ட உதவினார். 2013-இல் அவர் அவற்றைப் பார்க்க வந்து போனபின், ஒருவர் உதவி செய்தார் என்பதற்காக ஒரு நாடு என்றென்றைக்கும் நன்றிக்கடனில் கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்னும் பொருள்பட, அப்போதைய அதிபர் அலுவலகத்தின் பெயரால் காரமான அறிக்கை ஒன்று வெளிவந்தது. நியாயத்தையும் சொல்ல வேண்டும்: 2017-இல் பிளான்டயர் நகரின் பெரிய அரசு மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு ஒன்று அவர் உதவியால் திறக்கப்பட்டது, அது இன்றும் உயிர் காக்கிறது. மனம் நல்ல மனமாகவே இருக்கலாம். ஆனால் எது வேண்டும் என்று கொடுப்பவர் முடிவு செய்வது ஒன்று, வாங்குபவர் சொல்வது வேறொன்று. மருத்துவமனை எதற்கு வேண்டும் என்று அங்கிருந்த வைத்தியருக்குத் தெரிந்திருந்தது.

யாரும் போய்ப் படமெடுக்காத ஓர் உதவியைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு ஒரே உற்சாகம். கசூங்கு மாவட்டத்தில் வில்லியம் கம்குவம்பா என்ற சிறுவன், அதே 2002 பஞ்சக் காலத்தில், உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்டான். ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஒரு சிறு நூலகம். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த பழைய புத்தகங்கள். அதில் ஒன்றில் காற்றாலைப் படத்தைப் பார்த்தான். ஆங்கிலம் சரியாகத் தெரியாது. படத்தை வைத்துக்கொண்டே புரிந்துகொண்டான். சைக்கிள் உதிரிகள், பழைய டிராக்டர் விசிறி, மரக்கம்பம் ஆகியவற்றைக் கொண்டு காற்றாலை கட்டி வீட்டில் விளக்கெரித்தான். ஊரார் அவனைப் பைத்தியம் என்றார்களாம்! அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பியவர் யாரோ? அவருக்கு இது தெரியவே தெரியாமல் போயிருக்கலாம். அந்தப் பையனின் கண்ணைப் பார்த்து அவர் அழவில்லை.

அங்கே பெண் பிள்ளைகள் கதியற்று நம்மை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்ற எங்கள் எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. டெட்சா மாவட்டத்தில் தெரசா கச்சிந்தமோட்டோ என்ற பெண்மணி 2003-இல் மரபுவழித் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதுவரை நகரத்தில் ஒரு கல்லூரியில் செயலாளர் வேலை பார்த்தவர். தம் ஆளுகைக்குட்பட்ட ஊர்களில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியர் மனைவியராயிருப்பதைக் கண்டார். கிராமத் தலைவர்களைக் கூட்டிக் கையெழுத்து வாங்கினார். மீறியவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். 2016-க்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட சிறார் மணங்களை ரத்துச் செய்து பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பினார். நாடு முழுவதற்கும் திருமண வயது 18 என்று 2015-இல் சட்டம் வந்தது. வந்து போகும் எந்த விருந்தினரால் இது முடியும்?

இனி அனாதை இல்லங்கள். நாங்கள் படித்து வியந்தது இது: உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார். வறுமையால்தான் பிள்ளை அங்கே இருக்கிறது. பார்க்க வருபவர் பெருகப் பெருக, காட்டுவதற்குப் பிள்ளைகளும் வேண்டியிருக்கிறார்கள் என்ற கொடுமையும் சில இடங்களில் நடந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, குழந்தை உரிமைத் தீர்மானத்தில், அனாதை இல்லங்களுக்குத் தொண்டு செய்யப் போகும் வழக்கத்தால் விளையும் தீங்கைப் பற்றியும் எச்சரித்தது. எல்லா இல்லங்களும் அப்படி என்று யாரும் எண்ண வேண்டாம். நம் சகோதரிகள் ஆண்டுக்கணக்காய் இரவும் பகலும் கூட இருந்து வளர்க்கிறார்கள். பத்து நாள் விருந்தினர் செய்வது அதுவன்று. பாசம் காட்டிவிட்டு விமானம் ஏறுவதை அந்தப் பிள்ளை எத்தனை முறைதான் தாங்கும்?

பெற்றோர் சிலர் கேட்டார்கள்: “நேரில் பார்த்தால்தானே மனம் இளகும்? ஏ.சி. அறையில் செல்போனோடு வளரும் பிள்ளைகளுக்கு இது ஒரு பாடமாகாதா?” இதை நாங்கள் தள்ளிவிடவில்லை. எங்கள் மன்றத்திலேயே பாதிப்பேர் இன்றும் இந்தக் கட்சிதான். இந்தப் பத்தியை எழுதும்போதுகூடச் சண்டை. ஆகட்டும், பாடமென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது எங்கள் படிப்புச் செலவு. அதை எங்கள் படிப்புச் செலவில் எழுத வேண்டுமே தவிரத் தருமக் கணக்கில் எழுதக் கூடாது. ஒருத்திக்குப் போக வர விமானக் கட்டணம் லட்சத்தைத் தொடும் என்று விசாரித்து வந்தார்கள். மேரிஸ் மீல்ஸ் கணக்கில் ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக் கஞ்சிக்கு ஏறத்தாழ 20 பவுண்டு, அதாவது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒருத்தியின் டிக்கெட்டில் நாற்பது பிள்ளைகளுக்கு ஓராண்டு கஞ்சி. (இந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டால் நம் ஊட்டிச் சுற்றுலாவும் பாவமாகிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். உண்மைதான். ஆனால் ஊட்டிக்குப் போகும்போது நாம் யாருக்கோ உதவப் போகிறோம் என்று சொல்லிக்கொள்வதில்லை.)

என்றாவது எங்களில் யாரேனும் ஆசிரியையாகவோ நர்ஸாகவோ தேர்ந்து, அந்த ஊர்ச் சிச்செவா மொழியைக் கற்று, இரண்டு மூன்று ஆண்டு இருந்து வேலை செய்யப் போவாளானால் அவளை மாலையிட்டு வழியனுப்புவோம். வந்து பேசிய சிஸ்டர் அப்படிப் போனவர்தான். நாட்கணக்கில் போகிறவர்கள் பள்ளி விடுமுறையில் போகட்டும். தலைமையாசிரியர் அழைத்தால் போகட்டும். நம் சொந்தத் தங்கையை யாரோ அப்படிப் படமெடுக்கச் சம்மதிப்போமா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு காமிராவைத் தூக்கட்டும். பிள்ளைகள் வாழும் இல்லத்துக்குள் மட்டும் போக வேண்டாம் என்பது எங்கள் முடிவு. இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இதையெல்லாம் எழுதி மதரிடம் கொடுத்தோம். பயணம் நின்றது. பாதிச் செலவை ஏற்பதாகச் சொன்ன பெரியவரிடம், அதே தொகையில் ஒரு பகுதியை ஆசிரியர் வீட்டுக்குத் தருவாரா என்று கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அவருக்கு எங்கள் மேல் கொஞ்சம் வருத்தம் என்று தெரிகிறது. அவர் மகளுக்கு நிறையவே வருத்தம்.

சிஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், பலகையில் இருந்த படத்திலுள்ள பிள்ளையின் பெயர் என்ன, எந்த வகுப்பு என்றும் கேட்டிருந்தோம். படத்தின் நகலையும் அனுப்பினோம். அது தம் பள்ளியில் எடுத்த படமே அன்று, அந்தச் சீருடையும் மலாவியினுடையதல்ல என்று பதில் வந்தது. விசாரித்ததில், யாரோ ஒரு பழைய காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது என்று தெரிந்தது. ஒரு தவக்காலம் முழுவதும் அந்தக் கண்களைப் பார்த்துக் காசு போட்டோம். அவள் யாரென்று கேட்க எங்களில் ஒருத்திக்கும் அதுவரை தோன்றவில்லை.

படத்தை எடுத்துவிட்டோம். இப்போது அவ்விடத்தில் இருப்பது சிஸ்டர் அனுப்பிய வீட்டு வரைபடம்: இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்னால் கழிப்பிடம், கூரைக்கு முப்பத்திரண்டு தகரத் தகடுகள். ஒரு தகட்டுக்குப் பணம் சேர்ந்ததும் அந்தக் கட்டத்துக்கு நீல வர்ணம் தீட்டுகிறோம். இந்த மலர் அச்சுக்குப் போகும் இன்றைக்கு ஒன்பது கட்டங்கள் நீலமாகியிருக்கின்றன. ஒன்பதாவதைத் தீட்டியவள் அந்தப் போர்டிங் தோழி.